1887-இல் வந்த அடிக்கல் விழா அழைப்புக்குப் பதில் எழுதுவது எப்படி?

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பண்ணையில் 1887 மே 14, சனிக்கிழமை அன்று லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவுக்கு அழைப்பு வந்திருந்தால் அந்தக் காலத்து ஆள் எப்படிப் பதில் போட்டிருப்பார்? நாடகத்துக்குக் கடிதம் தயாரிப்பவர்கள், வரலாற்றுக் கதை எழுதுபவர்கள், கண்காட்சிக்கு மாதிரி செய்பவர்களுக்கான செய்முறை இது. பேனாவையும் காகிதத்தையும் சமாளித்துவிடலாம். விழா எதற்கு என்று தெரியாமல் எழுதினால்தான் கடிதம் பல்லிளித்துவிடும்.

1. எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

பல்கலைக்கழகத்தை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, ஜேன் ஸ்டான்ஃபோர்டு தம்பதியின் ஒரே மகன் லீலண்ட் ஜூனியர். 1884 மார்ச் 13 அன்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தான். அப்போது அவனுக்குப் பதினாறுகூட நிறையவில்லை. மே 14 அவன் பிறந்தநாள். இருந்திருந்தால் அன்று 19 முடிந்திருக்கும். அந்த நாளையே அடிக்கல்லுக்குத் தேர்ந்திருக்கிறார்கள் என்றால், இதை வெறும் திறப்பு விழா வாழ்த்துபோல எழுத முடியுமா? கோலாகலம், குதூகலம் எல்லாம் வேண்டாம். மகனின் நினைவைத் தொட்டு ஒரே ஒரு வரி போதும். இரண்டாவது வரி எழுதினால் அது இரங்கல் கடிதமாகிவிடும்.

இன்னொன்று: பெயரில் உள்ள ‘ஜூனியர்’ விடுபடவே கூடாது. இன்றைய பழக்கத்தில் வெறுமனே ‘ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்’ என்று எழுதினால், பல்கலைக்கழகம் மகனுக்கா அப்பாவுக்கா என்பதே மாறிப்போகும்.

2. பதிலின் நடையைத் தீர்மானிப்பது

அழைப்பு ‘இன்னார் இன்னாரை அழைக்கிறார்’ என்று படர்க்கையில் இருந்தால் பதிலும் படர்க்கையில்தான். ‘நான்’, ‘நாங்கள்’ தலைகாட்டக் கூடாது. அடியில் கையொப்பமும் கிடையாது, பெயர்தான் முதல் வரியிலேயே வந்துவிட்டதே! புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்: படர்க்கையில் தொடங்கி, பாதியில் ‘எனக்கு மிக்க மகிழ்ச்சி’ என்று தன்மைக்குத் தாவிவிடுவார்கள். தமிழில் அமைத்தால் இப்படி வரும்:

*திரு. —, திருமதி — இருவரும், மே 14, சனிக்கிழமை, — மணிக்கு லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டும் நிகழ்ச்சிக்கு வருமாறு விடுக்கப்பட்ட அன்பான அழைப்பை மகிழ்வுடன் ஏற்கின்றனர்.*

‘ஏற்கின்றனர்’ என்று நிகழ்காலத்தில்தான் இருக்க வேண்டும். ஏற்பது இந்தக் கடிதத்திலேயே நடந்துவிடுகிறது. ‘ஏற்பார்கள்’ என்றால் இன்னும் யோசனையில் இருப்பதுபோலத் தொனிக்கும். வருவதாக இருந்தால் நாள், நேரம் இரண்டையும் அழைப்பில் பார்த்துத் திருப்பி எழுதுங்கள். தப்பாகப் படித்திருந்தால் அழைத்தவர் திருத்திச் சொல்ல அது ஒன்றுதான் வழி. வர இயலாதவருக்கு நாள் மட்டும் போதும்.

வேறொரு கல்லூரியின் தலைவரோ, பெரிய பதவியில் இருப்பவரோ எழுதினால் கதை வேறு. அவர் தன்மையில், கையொப்பமிட்டு, முழுக் கடிதமாக எழுதுவார். வராதவர்களின் கடிதங்களை இப்படிப்பட்ட விழாக்களில் சபையில் வாசிப்பதும், பிறகு விழாத் தொகுப்பில் அச்சிடுவதும் உண்டு. அதனால் சத்தமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வரிசை: அழைப்புக்கு நன்றி, வர இயலாத காரணம் (ஒரே வாக்கியம்), மகனின் நினைவு, புதிய நிறுவனத்துக்கு வாழ்த்து, ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்ற முடிப்பு, கையொப்பம். காரணத்தை நீட்டினால் சாக்குப்போக்காகத்தான் காதில் விழும்.

3. காகிதம், மை, பேனா

நடுவில் மடித்த நல்ல வெள்ளைக் காகிதம், மடித்த நிலையில் சுமார் 5 அங்குல அகலம், 8 அங்குல உயரம். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கும் வேலையைத் தயவுசெய்து விடுங்கள். 1887-இல் எழுதியவர் கையில் இருந்தது புதுக் காகிதம்தான். கறுப்புக் கரையிட்ட தாளும் கூடாது. அது எழுதுபவர் வீட்டில் துக்கம் என்பதற்கான அடையாளம். பெறுபவரின் துக்கத்துக்காகப் போடுவதில்லை.

மைக்குக் கடுக்காய் வகையிலான துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்த மை வேண்டும். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும். தொட்டு எழுதும் எஃகு நிப் போதும். பழைய முறையில் காய்ச்சிய மையை இன்றைய ஊற்றுப் பேனாவில் விட்டால் அடைத்துக்கொள்ளும். புது நிப்பின் மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். சோப்பும் வெந்நீரும் விட்டுத் துடைக்காவிட்டால் மை நிப்பில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு, முதல் எழுத்திலேயே பொத்தென்று விழும்.

எழுதியதும் அவசரமாக ஒற்றுத்தாள் வைக்க வேண்டாம். கறுக்க வேண்டிய மையை அது உறிஞ்சிவிட, எழுத்து சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடும். சில நிமிடம் ஆறவிட்டு, தேய்க்காமல் அழுத்தி எடுங்கள்.

4. தேதி, உறை, தபால்தலை

அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், ஆண்டு என்ற வரிசை. அழைப்பு யார் பெயரில் வந்ததோ அவர் பெயருக்கே உறை. அப்பா ஸ்டான்ஃபோர்டு அப்போது அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர், அதாவது செனட்டர்தானே என்று வாஷிங்டன் முகவரி போட்டுவிடாதீர்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் மார்ச் 3 அன்றே முடிந்துவிட்டது. பெயருக்கு முன் ‘மாண்புமிகு’ வேண்டும். முன்பு கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர் என்பதால் நெருங்கியவர்கள் ‘கவர்னர்’ என்றே அழைப்பார்கள், ஆனால் உறைக்கு மாண்புமிகுவே பொருத்தம்.

ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரை, 2 சென்ட். வாஷிங்டன் உருவம் பொறித்த செம்பழுப்புத் தலையை ஒட்டுங்கள். பச்சை நிற 2 சென்ட் தலை அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. மே மாதக் கடிதத்தில் பச்சை இருந்தால் தபால்தலை சேகரிப்பவர் ஒருவர் எட்டிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

5. எப்போது அனுப்புவது

அழைப்பு வந்த மறுநாளே. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குள் என்றால் பிரச்சினை இல்லை. நியூயார்க்கிலிருந்து கடிதம் ரயிலில் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்; ஆள் போவதற்கும் அதே கணக்குதான். மே 6 வாக்கில் கிளம்ப முடியாதவர் வருவதாக ஒப்புக்கொள்வதில் அர்த்தமில்லை. அழைப்பே தாமதமாகக் கைக்கு வந்தால் தந்தி. 10 சொல் வரை ஒரே கட்டணம், அதற்குமேல் சொல்லுக்குச் சொல் காசு. முகவரியும் அனுப்புபவர் பெயரும் கணக்கில் சேராது. வர இயலாமையை மட்டும் தந்தியில் சொல்லி, மகனின் நினைவு வரும் வாக்கியத்தைப் பின்னால் போகும் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.