அத்தோ கடையில் முதலில் சூப்

சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போனால், தட்டு சொல்வதற்கு முன் வாழைத்தண்டு சூப்பையும் ஒரு மசாலா முட்டையையும் வாங்கிச் சாப்பிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து ரெண்டு பேருக்கு ஒரு அத்தோ சொன்னால் போதும். பார்சல் வேண்டாம்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். அத்தோ தட்டோ, புளித்தண்ணியும் பூண்டெண்ணெயும் பொரித்த வெங்காயமும் சேர்ந்து நாலே நிமிஷத்தில் காலியாகிற ஐட்டம். அதனால்தான் பசியோடு போனால் கை தானாக ரெண்டாவது தட்டுக்கு நீளுகிறது. சூடான சூப்பை மடமடவென்று குடிக்க முடியாது. முட்டையில் இருக்கிற புரதம் பசியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். ஒரு தட்டுக் காசும் மிச்சம். பார்சலை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் அளவே தெரியாது. தவிர, ஊறிப்போன அத்தோ அத்தோவே இல்லை.

சவுகார்பேட்டை மின்ட் தெருவில் இந்த சூப் வழி கிடையாது. ஜிலேபி, கச்சோரிக்குப் போகிற அன்றைக்கு வீட்டிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிரஷர் இருப்பவர்கள் சூப்பைக் குறைத்துக்கொள்ளவும், உப்பு தூக்கலாகத்தான் போடுவார்கள். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.