பிஎச்பி கோடின் வேகத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு விதமாக எழுதிய கோடில் எது வேகம் என்று பார்க்கப் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ஆனால் அது பல நேரம் வேறு எதையோ அளந்துவிட்டு வரும்.

முதலில் எக்ஸ்டீபக்கை (பிழை தேட உதவும் பிஎச்பி எக்ஸ்டென்ஷன்) நிறுத்துங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் கூடுதல் சுமை விழும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் அரே மேப் தோற்று, வெறும் லூப்பான ஃபோர்ஈச் ஜெயிக்கும். லைவ் சர்வரில் அவ்வளவு இடைவெளி இருக்காது. ஆப்கேஷ் (கம்பைல் செய்த கோடைச் சேமித்து வைக்கும் வசதி) இதற்கு நேர் எதிர்: கமாண்ட் லைனில் இயல்பாகவே அணைந்திருக்கும், சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். கமாண்ட் லைனுக்கும் (சிஎல்ஐ) அதை இயக்கிவிட்டு அளக்க வேண்டும்.

நேரத்தைத் தரும் மைக்ரோடைம் ஃபங்ஷன் சிஸ்டம் கடிகாரத்தைப் படிக்கிறது. நடுவில் நேரம் திருத்தப்பட்டால் கணக்கு கெடும். அதற்குப் பதிலாக பிஎச்பி 7.3 முதல் எச்ஆர்டைம் இருக்கிறது. ட்ரூ கொடுத்தால் நானோ செகண்டில் ஒரே எண்ணாகத் தரும், பின்னோக்கிப் போகாது.

அதிகம் ஏமாற்றுவது டெஸ்ட் டேட்டாதான். அரேயில் ஒரு மதிப்பைத் தேடும் இன்_அரே, ஒரு கீ இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்செட் இரண்டின் ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். 10,000 மதிப்புகள் உள்ள அரேயில் முதல் மதிப்பைத் தேடினால் இன்_அரே உடனே நின்றுவிடும், நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கடைசி மதிப்பையும் இல்லாத மதிப்பையும் தேடிப் பாருங்கள். முழு அரேயையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிக்கும். இஸ்செட் கீயை ஹாஷ் வழியாக நேரே எட்டுகிறது. அதற்காக அரேயை ஃப்ளிப் செய்யும் (மதிப்புகளைக் கீகளாக மாற்றும்) செலவை டைமருக்கு வெளியே வைப்பது அடுத்த தவறு. ஃப்ளிப்பும் முழு அரேயையும் கடந்தாக வேண்டும். ஒரே ஒரு தேடலுக்கு அது நஷ்டம், நூற்றுக்கணக்கான தேடலுக்கு லாபம். விடையும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்: மதிப்பு நல் (null) என்றால் இஸ்செட் ஃபால்ஸ் தரும். இன்_அரேயில் மூன்றாவது ஆர்க்யுமென்ட் ட்ரூ இல்லையென்றால் டைப்பைப் பார்க்காமல் ஒப்பிடும்.

நிலையான ஸ்ட்ரிங்கை வைத்து ஸ்ட்ரிங் ஃபங்ஷனை அளக்காதீர்கள். ஸ்ட்ரிங்கின் நீளத்தைத் தரும் ஸ்டிர்லென் போன்றவற்றின் விடை கம்பைல் ஆகும்போதே எண்ணாக மாறிவிடலாம். மிச்சம் இருப்பது வெறும் லூப். மதிப்பை வெளியிலிருந்து வாங்குங்கள்.

ஒரே ஸ்கிரிப்டில் 'அ' முதலில், 'ஆ' பிறகு என்று ஓட்டினால், முதலில் ஓடுவது மெமரி ஒதுக்கும் செலவைத் தாங்கும், இரண்டாவது சுகமாக ஓடும். தனித்தனி புராசஸில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், பின்னணியில் வேறு வேலை வேண்டாம். சராசரியை விட மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) நம்பகமானது, குறைந்தபட்ச நேரத்தையும் பார்க்கலாம். ஒரே கோடை மறுபடி ஓட்டினாலே 5% ஆடுகிறதென்றால், 3% வித்தியாசம் வெற்றி ஆகாது. பிஎச்பிபெஞ்ச் என்ற அளவீட்டுக் கருவி இந்த ஆட்டத்தையும் சேர்த்தே காட்டும்: ரெவ்ஸ் (ஒரு அளவீட்டில் கோட் ஓடும் தடவைகள்) 1000, இட்டரேஷன் (எத்தனை அளவீடுகள்) 10, சிறிது வார்ம்அப் (அளக்கும் முன் ஓட்டிப் பார்ப்பது) என்று தொடங்கலாம்.

மெமரியையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், உச்ச அளவு ஒரு புராசஸ் முழுவதற்கும் சேர்ந்து நிற்கும். 8.2இல் வந்த மெமரி_ரீசெட்_பீக்_யூசேஜை இரண்டு சோதனைக்கும் நடுவில் அழைக்காவிட்டால், பின்னால் ஓடியதும் முன்னதன் உச்சத்தையே காட்டக்கூடும்.