மண் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

அமெரிக்காவின் பழைய மாட்டுப் பண்ணைக் கட்டடங்களைச் சீரமைக்கப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கூரை ஒழுகலை முதலில் அடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சுடாத செங்கல்லுக்குச் சிமென்ட்

நியூ மெக்சிகோ பக்கம் பல பண்ணை வீடுகளின் சுவர், களிமண், மணல், வைக்கோல் குழைத்து வெயிலில் காயவைத்த கல். அடோபி என்பார்கள். தரையிலிருந்து அதில் ஓதம் ஏறத்தான் செய்யும். மேலே மண் பூச்சு இருந்தால் அந்த ஈரம் அதன் வழியாகவே காய்ந்துவிடும். மழையில் கரைவதும் பூச்சுதான்; திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

சிமென்ட் பூசினால்? வெயிலில் மண்ணும் சிமென்ட்டும் ஒரே அளவில் விரிவதில்லை, மயிரிழை விரிசல் விடும். அதில் மழைநீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. பூச்சு பிடிக்க அடித்த கம்பி வலை துருப்பிடிக்கும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே அடிச்சுவர் சேறாகிக்கொண்டிருக்கும்.

ஒரு பண்ணை வீட்டில் சுவரைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தது. அடியில் பூச்சை வெட்டி எடுத்தோம். உள்ளேயிருந்த கல்லைக் கையாலேயே அள்ள முடிந்தது. கூரை உத்தரத்தைத் தாங்கியது அந்தச் சுவர்தான். முட்டுக் கொடுத்து, அடியிலிருந்து புதுக் கல் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. அவ்வப்போது மண் பூசியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு. ‘இனிமேல் பராமரிப்பே வேண்டாம்’ என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்காரருக்குப் பூசிக்கொடுத்தார்களாம். அதையே சொல்லி இன்றும் பூசுகிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அதே நியூ மெக்சிகோவில், ராஞ்சோஸ் டி தாவோஸ் ஊரின் சான் பிரான்சிஸ்கோ தே அசிசி தேவாலயத்துக்கு 1967இல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் தேங்கிச் சுவர் கெட்டது. 1970களின் இறுதியில் அதை உரித்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இப்போதும் ஊர் கூடி ஆண்டுதோறும் பூசுகிறது.

ஏற்கெனவே சிமென்ட் இருந்தால் அவசரப்பட்டு மொத்தமாக உரிக்காதீர்கள். சில இடங்களில் சுவரைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்தச் சிமென்ட் பூச்சுதான். அடியில் சிறு துண்டு வெட்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முதலில் முட்டுக் கொடுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, காயவிட்டு, மேலே போகலாம்.

சுவரோரம் புல்தரை

வேண்டாம். தெளிக்கிற தண்ணீர் நேராகக் கடைக்காலுக்குப் போகும்.

தாழ்வாரத்தை அலங்காரம் என்று நினைப்பது

கலிபோர்னியாவில் மெக்சிகோ தளபதி வயேஹோவின் பெட்டலூமா அடோபி, 1836இல் தொடங்கிய பண்ணைக் கட்டடம். அகலமாக நீண்ட கூரையும் மாடித் தாழ்வாரமும்தான் குளிர்கால மழை மண் சுவரில் அடிக்காமல் காக்கின்றன. தாழ்வாரத்தைக் குறுக்கினால் சுவர் நனையும்.

பழைய மரத்தைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவது

ஒருபோதும் கூடாது. மரத்தைச் செதுக்கியபோது விழுந்த கோடரித் தடம் போனால் போனதுதான்.

பெரிய வீட்டை மட்டும் காப்பது

மொன்டானாவின் கிரான்ட்-கோர்ஸ் பண்ணை 1972இல் தேசிய வரலாற்றுத் தலமானது. அங்கே முதலாளி வீட்டோடு, வேலையாட்கள் தங்கிய அறைகள், கொல்லுப் பட்டறை, தொழுவங்கள் எல்லாமே காக்கப்படுகின்றன. பண்ணை எப்படி நடந்தது என்பதைச் சொல்வது இந்தச் சின்னக் கட்டடங்கள்தான். ஆனால் முதலில் இடிபடுவதும் இவைதான். சாய்ந்த கொட்டகையோ துருப்பிடித்த கீலோ, குப்பை என்று லாரியில் ஏற்றுமுன் படம் எடுத்து, இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.