ஒரே ப்ராஜெக்ட், நாலு ஊர்: விஎஸ் கோட் லைவ் ஷேரில் சேர்ந்து கோடிங் செய்வது எப்படி?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் குழுவில் ஒருவர் திருப்பரங்குன்றம், ஒருவர் மேலூர், ஒருவர் உசிலம்பட்டி, இன்னொருவர் வாடிப்பட்டி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையை நாள்தோறும் பதிந்து காட்டும் சின்ன ஃபிளாஸ்க் ஆப் (பைதானில் எழுதும் வெப் ஆப்) எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிப் ஃபைலை வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பிவிட்டு "லேட்டஸ்ட் எதுப்பா?" என்று தேட வேண்டியதில்லை. கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் மைக்ரோசாஃப்ட் தரும் லைவ் ஷேர் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) இலவசம். அதைப் போட்டுக்கொண்டால் நாலு பேரும் ஒரே ஃபைலில் ஒரே நேரத்தில் எழுதலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். லைவ் ஷேர் உங்கள் கோடை கிளவுடில் கொண்டுபோய் வைப்பதில்லை. ஃபைல், பைதான், டேட்டாபேஸ் எல்லாமே செஷனைத் தொடங்கும் ஹோஸ்ட் ஒருவரின் லேப்டாப்பில்தான் இருக்கும். மற்ற மூவரும் அதற்குள் வந்து வேலை செய்கிறார்கள். புதியவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

1. ஹோஸ்ட் யார்?

பேட்டரி நன்றாக இருக்கும், நெட் அறுந்து அறுந்து வராத லேப்டாப் யாரிடம் இருக்கிறதோ அவர். ஹோஸ்ட் மூடியைச் சாத்தினால் எல்லோரும் வெளியே. அவருடைய ஏரியாவில் அன்று பராமரிப்பு மின்தடை இல்லையா என்றும் பார்த்துவிடுங்கள்.

2. இன்ஸ்டால்

நாலு பேருமே செய்ய வேண்டியது: கன்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, லைவ் ஷேர் என்று தேடி, வெளியிட்டவர் மைக்ரோசாஃப்ட் தானா என்று பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு கிட்ஹப் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன்.

3. பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். ஹோஸ்ட் ஷேர் செய்வது ஒரு ஃபைலை அல்ல, திறந்திருக்கும் ஃபோல்டர் முழுவதையும். அதனால் டெஸ்க்டாப்பையோ டவுன்லோட்ஸையோ திறந்து வைக்காமல், ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் திறங்கள். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ இருக்கும் என்வ் ஃபைலை மறைக்க, அதே ஃபோல்டரில் 'விஎஸ்எல்எஸ்' (.vsls.json) என்ற பெயரில் ஒரு ஜேசன் ஃபைல் வையுங்கள். பெயர் புள்ளியில் தொடங்க வேண்டும். அதில் 'ஹைட் ஃபைல்ஸ்' (hideFiles), 'எக்ஸ்க்ளூட் ஃபைல்ஸ்' (excludeFiles) என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது ஃபைலைப் பட்டியலில் காட்டாது, அவ்வளவுதான். வேறு வழியில் அது திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ரகசியத்துக்கு இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதுவும் முழுப் பூட்டு அல்ல. டெர்மினலை (கமாண்ட் அடிக்கும் பகுதி) எழுதும் அனுமதியோடு ஷேர் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் கணக்கிலேயே கமாண்ட் அடிக்கிறார். என்வ் ஃபைலைப் படிக்க ஒரு வரி போதும், அழிக்கவும் ஒரு வரி போதும். டெர்மினல் ரீட் ஒன்லியாகவே (பார்க்க மட்டும்) இருக்கட்டும்.

செட்டிங்ஸில் 'கெஸ்ட் அப்ரூவல்' என்று தேடி, நீங்கள் சரி சொன்னால் மட்டுமே ஆள் உள்ளே வரும்படி மாற்றிவிடுங்கள். சாதாரணமாக, சைன் இன் செய்த யார் கையில் அழைப்பு லிங்க் இருந்தாலும் நேரே வந்துவிடலாம்.

4. கதவைத் திறப்பது

இடப்பக்கப் பட்டையில் லைவ் ஷேர் ஐகான், அதில் ஷேர் பட்டன். லிங்க் தானாகவே காப்பி ஆகிவிடும். நாலு பேர் குரூப்பில் மட்டும் போடுங்கள், கிளாஸ் குரூப்பில் வேண்டாம். மற்றவர்கள் லிங்கைத் தட்டினால் பிரவுசர் வழியாக விஎஸ் கோட் திறக்கும். திறக்காவிட்டால், விஎஸ் கோடில் ஜாயின் கொடுத்து லிங்கை ஒட்டலாம்.

உள்ளே வந்ததும் ஹோஸ்ட் போகும் இடத்துக்கெல்லாம் உங்கள் திரையும் போகும். அதுதான் ஃபாலோ. நீங்கள் டைப் செய்யத் தொடங்கினால் அது விட்டுவிடும். ஹோஸ்ட் பெயரைக் கிளிக் செய்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பேசுவதற்கு தனியாக போன் கால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஃபங்ஷனில் இரண்டு பேர் கை வைத்தால் அடைப்புக்குறி எங்கே தொலைந்தது என்று தேடியே நேரம் போய்விடும். ஆளுக்கொரு ஃபைல் பிரித்துக்கொள்வது நல்லது.

5. ஆப்பை எல்லோரும் பார்க்க

ஹோஸ்ட் ஃபிளாஸ்கை ஓட விடுகிறார், அது 5000 என்ற போர்ட் எண்ணில் ஓடுகிறது. மேலூர்க்காரர் தன் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 5000 (localhost:5000) என்று அடித்தால் ஒன்றும் வராது. அவர் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் ஓடவில்லையே! ஹோஸ்ட், லைவ் ஷேர் பேனலில் 'ஷேர் சர்வர்' கொடுத்து 5000 என்று போட்ட பிறகு, அதே முகவரி அவரிடமும் வேலை செய்யும். பைதான் லைப்ரரி போடும் பிப் இன்ஸ்டாலும் இதே கதை: வாடிப்பட்டியில் தன் சொந்த டெர்மினலில் எதை இன்ஸ்டால் செய்தாலும் ஆப்புக்குத் தெரியாது. லைப்ரரி ஹோஸ்ட் லேப்டாப்பில் இருக்க வேண்டும்.

கனெக்ட் ஆகாவிட்டால்

ஒரே வைஃபையில் இருப்பவர்களை லைவ் ஷேர் நேரடியாக இணைக்கப் பார்க்கும். அப்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். முடியாவிட்டால் மைக்ரோசாஃப்ட்டின் ரிலே (நடுவில் நின்று கடத்தும் சர்வர்) வழியாகப் போகும், கொஞ்சம் மெதுவாக. காலேஜ் வைஃபை ரிலேயையும் தடுத்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதுதான் சுலபம். நேற்றைய லிங்க் இன்று திறக்காது. செஷன் முடிந்ததும் அது செத்துவிடும், அடுத்த முறை புது லிங்க்.

முடிக்கும்போது

செஷனை மூடியதும் விருந்தினர் திரையில் ஒரு ஃபைலும் மிஞ்சாது. ஆகவே ஹோஸ்ட் எல்லாவற்றையும் சேவ் செய்து, கமிட் போட்டு (மாற்றங்களைப் பதிந்து), கிட்ஹப்புக்கு புஷ் செய்ய (ஏற்ற) வேண்டும். மற்றவர்கள் அங்கிருந்து புல் செய்துகொள்ளலாம் (இறக்கிக்கொள்ளலாம்). நாளைக்கு உசிலம்பட்டிக்காரர் ஹோஸ்ட் என்றால், அந்த புல் அவருக்குச் சரியாக வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடுங்கள்.