எதைச் சேர்ப்பது? நாணயச் சேகரிப்பாளர்கள் தொடக்கத்திலேயே செய்யும் தவறுகள்

நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து வைக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு இதில் தவறில்லை, கண் பழகுவதற்கு அது உதவவும் செய்யும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் இப்படியே ஓடினால், பல நாடுகளின் சில்லறை ஒரே பெட்டியில் கிடக்கும். தன்னிடம் இன்னும் இல்லாதது எது என்று கேட்டால் உரிமையாளருக்கே பதில் தெரியாது. அதைச் சேகரிப்பு என்று சொல்வது கடினம்.

அடுத்த தவறு, பழையது என்றாலே அரியது என்று நம்பி ஒரு காலத்தைத் தேர்ந்தெடுப்பது. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரோம் என்ற ஊருக்கு அருகே, மண்ணில் புதைந்திருந்த ஒரே பானையிலிருந்து 52,503 ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரத்து எழுநூறு ஆண்டு வயதுள்ள நாணயமும் இப்படிப் பானை பானையாகக் கிடைக்கும்போது, வயதை வைத்து மட்டும் அதன் அருமையை அளக்க முடியாது.

நாணயத்தில் பொறித்த ஆண்டை அப்படியே நம்புவதும் இதன் மற்றொரு வடிவம். ஆஸ்திரியாவின் அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த 'தாலர்' என்ற வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். அரசி 1780இல் இறந்தார். அந்த ஆண்டையே தாங்கிய தாலர் வணிகத் தேவைக்காக அதன் பிறகும் தொடர்ந்து வார்க்கப்பட்டது, இருபதாம் நூற்றாண்டில் ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் நாணயச்சாலைகளிலும் கூட. ஆண்டைப் பார்த்து வாங்கியவர் பிறகு ஏமாற்றமடைவார். அரசியின் தோளிலுள்ள ஊசியணியின் (ப்ரூச்) முத்துகளையும், பின்புறத்துக் கழுகின் வால் இறகுகளையும் உருப்பெருக்கியால் ஒப்பிட்டு, எந்த நாணயச்சாலை, எந்தக் காலம் என்று பிரிக்கத் தெரிந்தவருக்கோ, இந்த ஒரே ஆண்டு நாணயமே பல ஆண்டுகளுக்குப் போதுமான துறையாகிவிடும். என்னைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு இத்தகைய குறுகலான துறையே நல்லது.

ஆண்டு வரிசையாகச் சேர்க்க நினைப்பவர்கள், அந்த வரிசையில் கைக்கெட்டாத நாணயம் எது என்பதை முதல் நாணயத்தை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பிரிட்டிஷ் பென்னிகளில் பெரும்பாலான ஆண்டுகளை எளிதில் தேடிப் பிடிக்கலாம். ஆனால் 1933இல் வங்கிகளிடம் போதிய பென்னி இருந்ததால் புழக்கத்துக்கென எதுவும் அச்சிடப்படவில்லை; கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் வைப்பது போன்ற தேவைகளுக்காகப் பத்துக்கும் குறைவான பென்னிகளே வார்க்கப்பட்டன. ஆல்பத்தின் அந்த ஒரு குழி கடைசிவரை காலியாகவே இருக்கும். அதை மனமார ஏற்க முடியாதவர் ஆண்டு வரிசையை விட்டு, ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரு நாணயம் என்று சேர்ப்பதே மேல்.

எந்தத் துறையில் போலிகள் அதிகம் என்று விசாரிக்காமல் அதற்குள் நுழைவது, பணத்தை நேரடியாக இழக்கச் செய்யும் தவறு. 1909ஆம் ஆண்டின் அமெரிக்க லிங்கன் சென்ட்களில், வடிவமைப்பாளர் பெயரின் மூன்று முதலெழுத்துகளைத் தாங்கியவை பிலடெல்பியாவில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் வார்க்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே. இரண்டுக்கும் வேறுபாடு, ஆண்டுக்குக் கீழே உள்ள 'எஸ்' என்ற சிறு எழுத்து ஒன்றுதான். மலிவான நாணயத்தில் அந்த எழுத்தை ஒட்டி விற்பவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? அசல் எழுத்தின் வடிவத்தையும் இடத்தையும் கண்ணால் உறுதிசெய்யப் பழகும்வரை இத்தகைய நாணயங்களைத் தள்ளிவைப்பது நல்லது.

'குறைந்த எண்ணிக்கை வெளியீடு' என்று பெட்டியில் அழகாக வைத்து விற்கப்படும் நினைவு நாணயங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கியவர்கள் எல்லாரும் அவற்றைப் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். எனவே பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அத்தனையும் சந்தையில் இருக்கும்.

எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதை முடிவு செய்யாமல் விடுவதும் பிறகு வருந்த வைக்கும். பரவலாக வழங்கும் தர அளவுகோல் 1 முதல் 70 வரை செல்கிறது. அதில் 60க்கு மேல் உள்ளவை எல்லாமே புழங்காத நாணயங்கள். தேய்ந்த பத்து நாணயங்களுக்கு நடுவே பளபளக்கும் இரண்டு வந்து சேர்ந்தால், அந்தப் பத்தையும் மாற்றத் தோன்றும். மாற்றத் தொடங்கினால் அதே வரிசைக்கு இரண்டு முறை செலவழித்திருப்பீர்கள்.