ஒரே கம்பியில் மோகனம்: கிடாரில் இடது கைப் பயிற்சி

கிடாரில் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடிக்க வருகிறது, பாட்டுக்குக் கம்பிகளை மொத்தமாக வருடி ஸ்ட்ரம் பண்ணவும் வருகிறது. தனியாக ஒரு மெட்டை வாசித்தால் மட்டும் ஸ்வரங்கள் ஒட்டாமல் துண்டு துண்டாக விழுகின்றன. தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கிடார் பழகும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. வலது கையைத் திட்ட வேண்டாம், வேலை இடது கையில் இருக்கிறது.

முதலில் கம்பியைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியில் விரல் வழுக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கிடாரைப் பைக்குள் வையுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 0.010 அல்லது 0.011 செட் கேளுங்கள் (செட்டின் மெல்லிய கம்பி எத்தனை அங்குலத் தடிமன் என்பதுதான் இந்த எண்). 0.012 இப்போதைக்கு விரலைப் படுத்தும். வலை இழுத்துக் காய்த்த கைக்கு அந்தக் கவலை இல்லை!

பயிற்சி எல்லாம் இரண்டாவது கம்பியில்தான் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணுங்கள்). எதையும் அழுத்தாமல் மீட்டினால் ச. 2ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கமிருந்து எண்ணுங்கள்) ரி, 4 க, 7 ப, 9 த, 12 மேல் ச. மோகன ராகம் வந்துவிட்டது. ஏறி இறங்கி வாசித்துக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு: 2ஆம் ஃப்ரெட்டை மோதிர விரலால் அழுத்தி ஒரு தடவை மீட்டுங்கள். அழுத்தத்தை விடாமல் விரலை 4 வரை நகர்த்துங்கள். வழியில் ஒலி செத்துப்போனால் அழுத்தம் குறைந்திருக்கிறது. கை நகரவே மறுத்தால், பின்னாலிருக்கும் கட்டைவிரல் கிடாரின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறது, தளர்த்துங்கள். அப்புறம் 4லிருந்து 7, இறக்கத்தில் 9லிருந்து 7. பல பாடங்கள் அடுத்து வரும் ஹேமர் ஆனில் தொடங்கும். நான் ஸ்லைடைத்தான் முதலில் வைப்பேன். கர்நாடக இசையின் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) இதே வேலைதான், நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடும்.

ஹேமர் ஆன்: ஆள்காட்டி விரலை 2இல் வைத்து மீட்டுங்கள். மறுபடி மீட்டாமல் மோதிர விரலை 4இல், ஃப்ரெட்டை ஒட்டி, சட்டென்று இறக்குங்கள். பலம் வேண்டாம், வேகம் போதும்.

புல் ஆஃப்: இரண்டு விரலையும் முன்பே வைத்துக்கொண்டு 4ஐ மீட்டுங்கள். மோதிர விரலை நேராகத் தூக்கினால் ஒலி வராது. தரைப்பக்கமாகச் சற்று இழுத்து விடுங்கள், விரல்நுனியே கம்பியை மீட்டிவிடும். ஆள்காட்டி அசையக் கூடாது. முதல் கம்பியும் சேர்ந்து ஒலித்தால், ஆள்காட்டியின் அடிப்பகுதி அதை லேசாகத் தொடட்டும்.

வைப்ரேட்டோ: 7இல் நின்று, மணிக்கட்டைத் திருப்பி மெதுவாக, ஒரே சீராக அசையுங்கள். அவசரப்பட்டால் நடுக்கமாகிவிடும்.

பெண்ட்: இதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் 8ஐ வாசித்து ஒலியை மனதில் வாங்குங்கள். பிறகு 7ஐ மோதிர விரலால் அழுத்தி, மற்ற இரு விரல்களையும் பின்னால் துணைக்கு வைத்து, கம்பியை மேலே தள்ளி அதே ஒலிக்குக் கொண்டுவாருங்கள். 8 மோகனத்தில் கிடையாது, இது வெறும் பயிற்சி. அரை ஸ்வரம் ஏறினாலே போதும். எலெக்ட்ரிக் கிடார் வீடியோவைப் பார்த்து மூன்றாவது கம்பியை வளைக்கப் போகாதீர்கள். அகூஸ்டிக்கில் (மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் சாதாரண கிடாரில்) அது பெரும்பாலும் மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பி, லேசில் வளையாது. பெண்ட் பழகப் பழகச் சுருதி இறங்கும், நடுநடுவே ட்யூனரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.