பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரைத் துப்புரவு செய்து பேணுவது எப்படி?

கைமாறி வந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் ஒலி மங்கியிருந்தால், பேனல் (ஒலி எழுப்பும் தட்டையான பகுதி) போய்விட்டது என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருமுன் தூசியையும் ஈரத்தையும் சந்தேகப்படுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பேனலில், துளைகள் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே, அதிர்ந்து ஒலி எழுப்பும், சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் ஃபிலிம் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். அதன் மேல் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். 1957-இல் வெளிவந்த குவாட் (Quad) நிறுவனத்தின் முதல் மாடலில் பாஸ் (தாழ்ந்த ஒலி) பேனல்களுக்கு மட்டும் ஏறத்தாழ 6,000 வோல்ட். மின்னூட்டம் தூசியை இழுக்கிறது. படிந்த தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிய, ஒலி குறைகிறது.

படி 1: கேட்டுப் பாருங்கள்

பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தேர்வு உங்கள் இணைப்புக்குப் பொருந்துகிறதா, மின்கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெடுநாள் சும்மா கிடந்த பேனல் முழு மின்னூட்டம் பெறச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பிறகு ஒரே பாடலை மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி) வைத்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்று மெலிந்து ஒலித்தால் ஆம்ப்ளிஃபயர் கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள். குறை அதே ஸ்பீக்கரில் நின்றால் பழுது அதில்தான். பாட்டு இல்லாதபோதும் விட்டுவிட்டு 'டிக்' என்ற ஒலி வந்தால் மின்னூட்டம் கசிகிறது. எண்ணெயில் பொரிவது போன்ற சடசடப்புக் கேட்டால் உள்ளே தீப்பொறி பாய்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். குறிப்பிட்ட பாஸ் சுரங்களில் மட்டும் அதிர்வு கேட்டால் தூசியைக் குறை சொல்ல முடியாது. 1981-இல் வந்த குவாட் இஎஸ்எல்-63 போன்றவற்றில் பசை விட்டுப்போவதால் வரும் கோளாறு அது.

படி 2: மின்னூட்டம் இறங்கட்டும்

ஸ்பீக்கரின் பிளக்கை மட்டும் சுவரிலிருந்து கழற்றுங்கள். பாட்டை மட்டும் மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள். மின்சாரம் இல்லாமலும் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்கும். தேங்கிய மின்னூட்டம் கரையக் கரைய ஒலி தேய்ந்துகொண்டே வரும். உள்ளே நடப்பதைக் காதாலேயே பின்தொடர்வது எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

ஒலி அடங்கியபின் ஆம்ப்ளிஃபயரையும் அணைத்து அதன் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். அப்போதும் பின்பக்க மூடியைத் திறக்கக் கூடாது. மின்தேக்கிகளில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் ஆபத்தானது.

படி 3: தூசியை உறிஞ்சுங்கள்

வாக்குவம் கிளீனரில் மென்மயிர் பிரஷைப் பொருத்தி, உறிஞ்சும் வேகத்தை மிகக் குறைவாக வையுங்கள். உலோகத் தகடு வெளியே தெரியும் மாடலாக இருந்தால், மயிர்நுனி மட்டும் தகட்டில் படும்படி மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். பின்பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அங்கும் அதே அளவு தூசி சேரும்.

துணியோ கம்பி வலையோ மூடிய மாடலில் வெளிப்புறத்தை உறிஞ்சுவதோடு நிறுத்துங்கள். வலைக்குப் பின்னால் மெல்லிய தூசித்தடுப்பு ஃபிலிம் இருக்கக்கூடும். விரல் பட்டாலே கிழியும்.

காற்றை ஊதும் கருவி வேண்டாம், தூசியை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஈரத்துணி, ஸ்ப்ரே, ஆல்கஹால் எதுவும் பேனலை நெருங்கக் கூடாது. பேனலைக் கழற்றி நீரில் கழுவுகிறவர்களும் உண்டு. புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

படி 4: மீண்டும் இணைத்துச் சோதியுங்கள்

மின்சாரம் கொடுத்து ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, முதல் படியின் மோனோ சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் பேனலின் மின்னழுத்தத்தை அளக்க முனையாதீர்கள். கருவி தாங்காது என்பது ஒருபுறம்; அதன் 10 மெகாஓம் தடையே மின்னூட்டத்தை இழுத்துவிடுவதால் காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும்.

தொடர்ந்து பேண

சில மாதங்களுக்கு ஒருமுறை தூசி உறிஞ்சினால் போதும். பல நாள் பயன்படுத்தாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துணியால் மூடிவையுங்கள். நேர் வெயிலும் ஈரம் கசியும் சுவரும் ஆகாது.

ஆம்ப்ளிஃபயரிலும் கவனம் தேவை. இவ்வகை ஸ்பீக்கரின் தடை உச்ச அதிர்வெண்களில் ஓரிரு ஓம் வரைகூட இறங்கும்; எல்லா ஆம்ப்ளிஃபயரும் அதைத் தாங்காது. மாறாக, 1957 மாடல் குவாட்டுக்குச் சக்தி மிகுந்த ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தால் பேனலில் தீப்பொறி பாய்ந்து ஃபிலிம் ஓட்டையாகிவிடும்.

இரண்டு முறை தூசி எடுத்தும் ஒலி மீளவில்லை என்றால் ஃபிலிமில் மின்னூட்டத்தைத் தாங்கும் பூச்சோ மின்வழங்கும் பகுதியோ தேய்ந்திருக்கலாம். உயர் மின்னழுத்தத்தில் பழகிய தொழில்நுட்பரிடம் கொடுங்கள். பேனலை மாற்ற நேர்ந்தால் இரண்டு ஸ்பீக்கர்களிலும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே அளவில் ஒலிக்காது.